கையில் மழை

தவறு முழுக்க எல்ரே கோமோவுடையதுதான். லூசியானாவின் ஒப்பலூசாஸ் ஊர் நூலகத்தில் யாரும் அவனைப் பிடித்துத் தள்ளவில்லை. அவனாகவே மூன்று வாரம் விடாமல் ஃபோன் செய்தான். அவனாகவே தன் டிரம் செட்டை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். அறுபத்துமூன்று வயதில், இஸ்திரி போட்ட சிவப்புச் சட்டையில், எழுபது பேருக்கு முன்னால் அவனாகவே போய் உட்கார்ந்தான்.

'கேன் டிரக்ஸ்' குழுவின் ஒரே வெற்றிப் பாட்டு 'டெல்ஃபின்'. அது வெளிவந்து முப்பத்தாறு வருடம். க்ரௌலி ஊர் ஸ்டுடியோ ஒன்றை இடித்தபோது அந்தப் பாட்டின் மூல நாடா கிடைத்து, யாரோ புண்ணியவான் அதைச் சுத்தம் செய்து நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். மூல நாடாவில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும். வேண்டியதை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றவற்றின் வாயை அடைக்கலாம். இது காதில் விழுந்த நாளிலிருந்து எல்ரேக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மிஸ் கோலெட், மத்த எல்லாரையும் மூடிடுங்க," என்றான் மைக்கில். "பாடுறவ வேண்டாம், கிட்டார் வேண்டாம், பேஸ் வேண்டவே வேண்டாம். டிரம்ஸ் மட்டும். முப்பத்தாறு வருஷம் கழிச்சு ஜனங்க முக்கியமான ஆளக் கேக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. அவனுடைய திட்டம் எளிது. நாடாவில் இருபத்தேழு வயது எல்ரே வாசிப்பான், மேடையில் இன்றைய எல்ரே கூடவே வாசிப்பான், ஊர் கைதட்டும். நூலகர் கோலெட் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஸ்டூல் ஒன்று கிரீச்சிட்டது. பிறகு யாரோ மூக்கால் முனகுவது கேட்டது. தேனீ ஒன்று குடுவைக்குள் மாட்டிக்கொண்டது போன்ற முனகல்.

"அந்தப் பையன் திரும்பிட்டானா?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், மிஸ்டர் டாலிவர்," என்றது இன்னொரு குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து. அது பேஸ் கிட்டார் வாசிக்கும் ஹார்லன் ஜூடிஸ், எல்ரேயின் உயிர் நண்பன். "வில் பிளாட் வரைக்கும் அனுப்பியிருக்கேன். நீங்க நிதானமா வாசிங்க."

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது வெர்லி, குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவள்.

"சரி. ஒண்ணு, ரெண்டு..."

டிரம்ஸ் தொடங்கியது. தென் லூசியானாவில் குழந்தைகள்கூட மேசையில் தட்டிக்காட்டும் அந்த வாசிப்பு.

எல்ரேயின் மூளை நின்றுவிட்டது, ஆனால் கை வாத்தியக்காரன் கையல்லவா, எண்ணிக்கை கேட்டதும் தானாக இறங்கியது. அரைத் தாளம் முன்னதாக இறங்கியது. வலக்கைக் குச்சி விளிம்பில் பட்டு எகிறி, மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணியின் உருளைக்கிழங்கு சாலட்டில் போய் நட்டுக்கொண்டு நின்றது. எல்லாம் முன்பே ஒத்திகை பார்த்த வேடிக்கை என்று நினைத்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்ரேயும் எழுந்து குனிந்து வணங்கினான். வேறு என்ன செய்ய?

ராய்ஸ் டாலிவர் யார் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஐம்பதுகளில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த நல்ல இசைத்தட்டுகளில் பாதிக்குமேல் டிரம்ஸ் அவருடையது. வாசிக்கும்போது மூக்கால் முனகுவார். அந்த முனகலை வைத்தே அவர் வாசித்த தட்டுகளைக் கண்டுபிடிப்பார்கள். பதிமூன்று வயதில், அப்பாவின் வலை போடும் படகில் வாளியைக் கவிழ்த்து வைத்து டாலிவரைப் போல் வாசிக்கப் பழகியவன் எல்ரே. முனகிக்கூடப் பார்த்தான். அம்மா வயிற்று வலி என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி ஓடில் வேனை ஓட்டினாள். பத்து மைல் யாரும் பேசவில்லை. அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் கடைசியில்.

"வேண்டாம்னா விடவா போற?"

"அந்தப் பாட்ட இத்தன வருஷமா கேக்கற. கார்ல கேக்கற, குளிக்கும்போது கேக்கற, நம்ம பொண்ணு கல்யாணத்துல ரெண்டு தடவ போட வச்ச. வாசிக்கிறது உன் கை இல்லன்னு உனக்கே தெரியலையா?"

எல்ரே ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் நின்ற வயல்களைப் பார்த்தான். கிராஃபிஷ் எனும் நன்னீர் இறாலுக்கு வைத்த பொறிகளின் சிவப்புத் தலைகள் வரிசையாக ஓடின.

"அன்னைக்கு மட்டும் நல்லா வாசிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றான்.

ஓடில் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவன் தொடைமேல் வைத்தாள்.

உண்மை அதுதான். 1987 ஏப்ரலில் அந்த ஒரு நாள் தனக்கு ஏதோ வாய்த்தது என்று எல்ரே நம்பிவிட்டான். அதற்குப் பிறகு எத்தனை மேடை! மாதா கோயில் திருவிழாக்கள், இறால் திருவிழா, நெல் திருவிழா, மீன்குழம்பு வாசம் போகாத நடனக்கூடங்கள், ஒருமுறை ஒரு பல் மருத்துவரின் விவாகரத்துக் கொண்டாட்டம். ஒவ்வொரு மேடையிலும் 'டெல்ஃபின்' வாசிக்கும்போது அந்தத் தட்டில் இருக்கும் எல்ரேயை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். முடியவில்லை. டிரம் தோலை மாற்றினான். காற்றில் ஈரம் அதிகம் என்றான். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டான். வயசாகிவிட்டது என்று நாற்பதிலேயே சொல்லத் தொடங்கினான். பாவம், வேறொருவரை எட்டிப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறான்.

அதைவிடக் கூத்து, ரசிகர்கள் வந்து, "அந்தத் தட்டுல நீங்க அச்சு அசல் டாலிவர் மாதிரியே வாசிச்சிருக்கீங்க!" என்பார்கள். எல்ரே கண்ணைத் தாழ்த்தி, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, அவர் கால் தூசிக்கு வருவேனா," என்பான். அந்தப் பணிவை அவன் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு ஒன்று.

அந்த ஏப்ரல் நாள் அவனுக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருந்தது. காலை முழுக்க மூன்று பேரும் சேர்ந்து 'டெல்ஃபின்' ஒன்பது தடவை வாசித்து முடித்தார்கள். மதியம் கதவு திறந்தது. உள்ளே வந்தது ராய்ஸ் டாலிவர். பழுப்பு கோட்டு, கையில் சின்னத் தோல் பை. சும்மா இந்தப் பக்கம் வந்தார், எட்டிப் பார்த்தார் என்றான் ஹார்லன். டாலிவர் நேராகப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, காலையில் பதிந்ததைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டு, மூன்று தடவை கேட்டார். தெய்வம் தன் வாசிப்பை மூன்று தடவை கேட்கிறது என்று எல்ரே சுவரோடு ஒட்டி நின்றான்.

பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறார் மனிதர். அது எல்ரேக்கு வேனில் வரும்போதுதான் உறைத்தது.

மூன்றாவது தடவை முடிந்ததும் டாலிவர் எழுந்து ஹார்லனோடு வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். வந்ததும் எல்ரேயின் தோளில் கை வைத்தார். "தம்பி, உன் கையில மழை இருக்கு," என்றார். அவ்வளவுதான். அந்த ஐந்து வார்த்தையை எல்ரே அதற்குப் பிறகு ஒரு நாளும் இறக்கி வைக்கவில்லை. விசிட்டிங் கார்டில் போட்டான். டிரம் தோலில் எழுதினான். ஓடிலிடம் கல்யாணம் கேட்டபோது சொன்னான். டாலிவர் இறந்தபோது சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் ஒருவனாக நின்று, அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லி அழுதான். அந்த அம்மாள் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அவர் அப்படியெல்லாம் பேச மாட்டாரே," என்றாள். துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று எல்ரே மன்னித்துவிட்டான்.

டாலிவர் தோளில் கை வைத்த கையோடு ஹார்லன் சொன்னான்: "எல்ரே, மிஸ்டர் டாலிவருக்கு பூடான் வேணுமாம். வில் பிளாட்ல அந்தப் பச்சைக் கதவுக் கடை இருக்கே, அங்க செஞ்சதுதான் வேணுமாம்." பன்றிக்கறியும் சோறும் அடைத்த தொத்திறைச்சிதான் பூடான்; அது க்ரௌலியில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். வில் பிளாட் நாற்பது மைல். எல்ரே யோசிக்கவேயில்லை. என் தெய்வத்துக்கு என் கையால் சாப்பாடு என்று, ஜன்னலைத் திறந்துவிட்டு, வழியெல்லாம் பாடிக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது டாலிவர் கழுத்தில் துண்டோடு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். "உள்ள ரொம்பப் புழுக்கம்," என்றார். எல்ரே ஓடிப்போய் ஏசியைக் கூட்டி வைத்தான்.

நினைக்க நினைக்க அந்த ஏசிதான் அவனைக் கொன்றது.

மறுநாள் வெர்லிக்கு ஃபோன் செய்தான். அவள் இப்போது ஹூஸ்டனில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள்.

"ஷேர், எப்படியிருக்க?" என்றாள். அவளுக்கு எல்லாரும் ஷேர்தான், செல்லம்தான், நாய்க்குட்டியும் வரி அதிகாரியும் உட்பட.

"நீ சிரிச்சியே, அது நாடாவுல கேக்குது."

"நான் எப்பவுமே சிரிப்பேனே, ஷேர். சாவு வீட்டுலகூடச் சிரிச்சிருக்கேன்."

"டாலிவர் என்கிட்ட சொன்னாரே, மழைன்னு. எனக்கு வேண்டியது ஒண்ணுதான் வெர்லி. அவர் அத மனசாரச் சொன்னாரா, இல்ல சும்மா..."

"ஐயோ, அடுப்புல பால் வச்சிருக்கேன்."

"காலையில பத்தரைக்கு என்ன பால்?"

"ஹார்லன்கிட்ட கேளு, ஷேர். நான் அப்ப கழிவறையில இருந்தேன்." ஃபோனை வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் புனித வெள்ளி. அன்று இறைச்சி கிடையாது. ஆகவே மொத்த ஊரும் கிராஃபிஷ் வேகவைத்துத் தின்னும். ஆர்னோவில்லில் ஹார்லன் வீட்டுப் பின்கட்டில், ஓடைக்கரையில், இருபது வருடமாக அந்த விருந்து நடக்கிறது. பன்னிரண்டு மணிக்குமேல்தான் ஆட்கள் வருவார்கள். எல்ரே ஒன்பதரைக்கே போனான்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டாள் ஓடில்.

"வேண்டாம். நீ வந்தா எனக்கு முன்னாடி நீ சண்டை போட்டுடுவ. இது என் முறை."

ஹார்லன் தனியாக இருந்தான். இடுப்பில் ஈரத் துண்டு, தலையில் மீன்கடைத் தொப்பி. குளியல் தொட்டியளவு பாத்திரத்தில் உயிர்க் கிராஃபிஷ்களைக் கொட்டி, செத்ததைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. எல்ரேயைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு எடுத்து நிறுத்திக்கொண்டான்.

"வாடா! சீக்கிரம் வந்துட்ட. வழக்கம்போல அரைத் தாளம் முன்னாடி."

"நூலகத்துல நடந்தது தெரியுமா?"

"ஏதோ சாலட்டுக்கு ஊசி போட்டியாமே. அந்தச் சாக்கு முனையப் பிடி."

எல்ரே பிடித்தான். முப்பத்தாறு வருடத் துரோகத்தைக் கேட்க வந்தவன், சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் சேர்ந்து கவிழ்த்தார்கள். கிராஃபிஷ்கள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கூடைக்குள் விழுந்தன.

"டாலிவரக் கூப்பிட்டது யாரு?"

"இந்த வருஷம் எல்லாம் சின்னது சின்னதா இருக்கு பாரு. போன கோடையில மழையே இல்ல."

"ஹார்லன்."

"ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டுச்சுடா."

"கம்பெனிக்கு அவர் நம்பர் எப்படித் தெரியும்? அந்த நம்பர் உன் அக்கா புருஷன்கிட்டதான் இருந்துச்சு."

ஹார்லன் எலுமிச்சம்பழங்களை வெட்டி, பிழியாமலேயே அண்டாவில் போட்டான். "அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதான், எல்ரே. பாதி தட்டுல அட்டையில ஒரு மூஞ்சி இருக்கும், உள்ள வேற கை இருக்கும்."

"என்ன பூடான் வாங்க அனுப்பினியே!"

"பூடான் நல்லாத்தான் இருந்துச்சு."

எல்ரேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதன் இப்படித்தான் ஆயுள் முழுக்க ஒரு ஜோக்கைப் போட்டு அவனை வில் பிளாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். எல்ரே மரப் பெஞ்சில் உட்கார்ந்தான். மேசையில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் காற்றில் படபடத்தது. உப்பு டப்பாவை எடுத்து அதன்மேல் வைத்தான்.

"நான் அவ்வளவு மோசமா?" என்றான்.

ஹார்லன் துடுப்பால் அண்டாவைக் கிண்டினான்.

"சொல்லு. உன் பக்கத்துல உக்காந்து வாசிச்சிருக்கேன், வயசு முழுக்க."

"நீ தாளத்த விட்டு முன்னால ஓடுவ," என்றான் ஹார்லன், அண்டாவைப் பார்த்தபடி. "மேடையில பரவால்ல, ஆடுறவங்களுக்குப் பிடிக்கும். தட்டுல முடியாது. அன்னைக்குக் காலையில ஒன்பது தடவையும் ஓடின. வெர்லி மூச்சு விட எடம் இல்லாம அழுதுட்டா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அழுவ."

"அழுதிருப்பேன்!" எல்ரே மேசையில் அடித்தான். "ஒரு வாரம் அழுதிருப்பேன். அப்புறம் கத்துக்கிட்டிருப்பேன்டா. எனக்கு வயசு இருபத்தேழு. கத்துக்க எனக்கு நேரம் இருந்துச்சு. நீ என்ன பண்ணின? நான் நல்லா வாசிச்சுட்டேன்னு நம்ப வச்ச. நல்லா வாசிச்சவன் எதுக்குடா கத்துக்கணும்?"

ஓடையில் ஒரு படகு போனது. அதிலிருந்தவன் கையசைத்தான். இருவரும் பழக்க தோஷத்தில் கையசைத்தார்கள்.

ஹார்லன் துண்டால் முகத்தைத் துடைத்தான். நீராவியா, வேறு ஏதாவதா என்று எல்ரே பார்க்க விரும்பவில்லை. இவன் தனக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறான் என்றும் அப்போது ஞாபகம் வந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. எல்ரேயின் அப்பா படகோடு மூழ்கிப்போனபோது மூன்று நாள் தண்ணீரில் தேடியவன் இவன். மகளுக்கு ஞானத்தந்தை இவன். துரோகம் செய்பவன் முழு அயோக்கியனாகவும் இருந்து தொலைத்தால் எவ்வளவு சௌகரியம்.

"குழுவுல உன்ன வச்சுக்கணும்னு நாங்க நெனச்சோம்," என்றான் ஹார்லன். "தட்டும் வேணும், நீயும் வேணும். ரெண்டுக்கும் வேற வழி தெரியல."

"சரி. தட்டு போகட்டும். அத நீயே வச்சுக்கோ." எல்ரே எழுந்து அண்டாவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். "இன்னொண்ணு கேக்கறேன். இதுக்கு மட்டும் ஜோக் அடிக்காத. கிராஃபிஷ் சின்னதா இருக்குன்னு சொல்லாத. பால் பொங்குதுன்னும் சொல்லாத. டாலிவர் என் தோள்ல கை வச்சுச் சொன்னாரே, அத வச்சுத்தான் நான் இத்தன வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன். ஒருத்தனும் கேக்காத எடத்துல, மழையில, நாலு குடிகாரனுக்கு முன்னாடி வாசிக்கும்போதெல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன். என் வாசிப்ப அழிக்கத்தான் வந்தாருன்னே வச்சுக்க. ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவ கேட்டாரே. கேட்டுட்டு ஏதோ ஒண்ணு தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னாரா?"

"எல்ரே, அவர் பெரிய மனுஷன். எல்லாருக்கும் நல்ல வார்த்தை..."

"எல்லாருக்கும் வேண்டாம். எனக்கு. நெஜமா, இல்லையா?"

"இப்ப தெரிஞ்சு என்னடா ஆகப்போகுது?"

"எனக்குத் தெரியல. ஆனா தெரியாம வீட்டுக்குப் போக மாட்டேன். பன்னெண்டு மணிக்கு எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடியும் கேப்பேன்."

ஹார்லன் குனிந்து அடுப்பை அணைத்தான். கொதி அடங்கியது. துடுப்பைப் பெஞ்சின்மேல் குறுக்காக வைத்தான், தொப்பியைக் கழற்றினான், முதல் தடவையாக எல்ரேயின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இல்லடா," என்றான். "அவர் உன்னப் பத்தி ஒண்ணுமே சொல்லல. 'இவன வெளிய அனுப்பு'ன்னு மட்டும்தான் சொன்னாரு. நீ சந்தோஷமா வண்டியெடுத்துட்டுப் போகணும்னு, வாசல்ல சிகரெட் பிடிக்கும்போது அந்த வாக்கியத்த அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்."